பிள்ளைகளுக்குத் தெரிந்த அளவுகூட ஆசிரியர்களுக்குத் தெரியவில்லையா?

கேள்வி: 6 ஜூலை 2024, சனி, காலை மணி 9.12

கோலாலம்பூரிலிருந்து ஒரு தந்தை எழுதுகிறேன். என் மகன் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கிறான். சென்ற வாரம் அவனுடைய ஆசிரியை வகுப்பில் படவீழ்த்தியை இயக்கத் தெரியாமல் திணறியதாகவும், இரண்டு மாணவர்கள் எழுந்து போய்ச் சரிசெய்து கொடுத்ததாகவும் வீட்டில் சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பிள்ளைகள் கையில் தொலைபேசியோடு பிறந்தவர்கள். எண்ம (டிஜிட்டல்) உலகின் பூர்வகுடிகள். ஆசிரியர்களோ அங்கே பின்னாளில் போய்ச் சேர்ந்த வந்தேறிகள். பூர்வகுடிக்கு வந்தேறி எப்படி வழிகாட்டுவார்? ஆசிரியர்களுக்கு ஒரு தொழில்நுட்பத் தேர்வு வைத்து, தேறாதவர்களை வகுப்பை விட்டு விலக்கி வைக்க வேண்டும் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

6 ஜூலை 2024, சனி, இரவு மணி 10.40

மறுக்கிறேன். பினாங்கின் பெருநிலப் பகுதியில், பிறையை ஒட்டிய ஒரு தமிழ்ப்பள்ளியில் 1998 முதல் கற்பித்து வருகிறேன். அந்த ஆசிரியை திணறியிருக்க மாட்டார் என்று வாதாட வரவில்லை. திணறியிருப்பார். நானும் திணறியவள்தான்.

2003இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் தொடங்கியபோது, அப்பாடங்களின் ஆசிரியர்களுக்கு மடிக்கணினியும், நாங்கள் எல்.சி.டி. என்று மட்டுமே அழைத்த படவீழ்த்தியும், பாடக் குறுவட்டுகளும் வந்து சேர்ந்தன. அந்த ஆண்டில் ஒரு நாள் நான்காம் ஆண்டு வகுப்பில் எல்லாக் கம்பிகளையும் செருகி முடித்தேன். படவீழ்த்தியின் விசிறி இரைந்தது. சுவரில் நீலச் சதுரம் ஒன்று விழுந்தது. கணினியில் இருந்த படம் மட்டும் விழவில்லை. கம்பியைக் கழற்றி மறுபடி செருகினேன். அணைத்து மறுபடி திறந்தேன். முன்வரிசைப் பையன் ஒருவன் கேட்காமலேயே எழுந்து வந்து, விசைப்பலகையின் கீழ் மூலையில் இருந்த ஒரு விசையையும் மேல் வரிசையில் இருந்த ஒரு விசையையும் ஒருசேர அழுத்தினான். சுவரில் தவளையின் வாழ்க்கைச் சுழற்சி தோன்றியது. வகுப்பே கைதட்டியது.

ஓய்வு நேரத்தில் அவனை அழைத்து, எப்படித் தெரியும் என்று கேட்டேன். “தெரியாது டீச்சர், எல்லாத்தையும் அமுக்கிப் பாத்தேன்” என்றான்.

அவன் சொன்ன “தெரியாது” என்பதைத்தான் நான் பிடித்துக்கொள்ளப் போகிறேன். எங்கள் இருவருக்குமே தெரியாது; ஆனால் அவனுடைய கை நடுங்கவில்லை, என்னுடையது நடுங்கியது. ஏன் என்பதை நாளை எழுதுகிறேன். திருத்த வேண்டிய கட்டுரை ஏடுகள் 31 மேசையில் கிடக்கின்றன.

7 ஜூலை 2024, ஞாயிறு, பிற்பகல் மணி 3.05

ஏடுகள் முடிந்தன. காரணத்துக்குப் போகுமுன் அந்த இரண்டு சொற்களைப் பற்றிக் கொஞ்சம்.

பூர்வகுடி, வந்தேறி என்ற உவமையை 2001இல் எழுதி உலகமெங்கும் பரவச் செய்தவர் மார்க் பிரென்ஸ்கி என்ற அமெரிக்கர். மாணவர்களை உட்காரவைத்துச் சோதித்து அவர் அந்த முடிவுக்கு வரவில்லை. எந்தக் காலத்தில் பிறந்தார்கள் என்பதை வைத்துச் சொன்னார். 2009இல் அவரே, அந்தப் பாகுபாடு இனி அவ்வளவாகப் பொருந்தாது என்று எழுதி, எண்ம ஞானம் என்ற வேறொரு பேச்சுக்கு நகர்ந்துவிட்டார். 2011இல் டேவிட் வைட், அலிசன் லெ கோர்னு என்ற இருவர், வயதை விட்டுவிட்டு, இணையத்தில் குடியிருப்போர், வேலைக்காக வந்து போவோர் என்று பிரித்துப் பார்த்தார்கள். ஒரே ஆள் ஓரிடத்தில் குடியிருப்பவராகவும் மற்றோர் இடத்தில் வந்து போகிறவராகவும் இருக்கலாம். என் அனுபவத்துக்கு இதுதான் பொருந்துகிறது. புலனத்தில் (வாட்ஸ்அப்) நான் குடியிருக்கிறேன். நாளுக்கு நாற்பது செய்தி அனுப்புகிறேன். எக்செல் அட்டவணைக்குள் மட்டும் விருந்தாளி போலக் காலணியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நுழைகிறேன்.

மேலும், வந்தேறி என்ற சொல்லை இந்நாட்டில் யார் யாரைப் பார்த்துச் சொல்லி வந்திருக்கிறார்கள் என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நான்கு தலைமுறைக்குப் பிறகும் நம்மீது விழுகிற ஒரு சொல்லைப் பொறுக்கியெடுத்து, நம் பிள்ளையின் ஆசிரியைமீது நாமே எறிய வேண்டுமா? என் பாட்டனார் இரயில் பாதை போட வந்தவர். வந்தேறிதான். தண்டவாளம் எந்த ஊருக்குப் போகிறது என்பது இங்கேயே பிறந்த பலரைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

9 ஜூலை 2024, செவ்வாய், மாலை மணி 5.50

கணினிக் கூடத்தில் இன்று நடந்ததை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஆறாம் ஆண்டு, 31 பேர். கூடத்தில் 20 கணினிகள், இயங்குபவை 17. பணி எளியது: ஐந்து வாக்கியங்களைத் தட்டச்சு செய்து, சேமித்து, அந்தக் கோப்பை மின்னஞ்சலில் இணைத்து எனக்கு அனுப்ப வேண்டும். ஒரு மணி நேரத்தில் முடியும் என்று கணக்கிட்டிருந்தேன்.

முதல் கால் மணி நேரம் கடவுச்சொல்லில் போயிற்று. ஒவ்வொரு மாணவருக்கும் கல்வி அமைச்சின் டெலிமா கற்றல் தளத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. கடவுச்சொல்லை ஏட்டின் பின்னட்டையில் ஒட்டிவைக்கச் சொல்லியிருந்தோம். ஏடு முடிந்ததும் பின்னட்டையோடு கடவுச்சொல்லும் பழைய தாள் விற்பவரிடம் போய்விட்டது. அடுத்து, ஒரு சிறுமி கணினித் திரையில் விரலை வைத்து மேலே தள்ளினாள். நகராததால் இன்னும் அழுத்தித் தள்ளினாள். திரை பின்னால் சாய்ந்தது. சுட்டியை அவள் தொடவே இல்லை. இன்னொருவன் ஐந்து வாக்கியங்களையும் மின்னஞ்சலின் தலைப்புக் கட்டத்திலேயே எழுதி அனுப்பிவிட்டான். சேமித்தாயா என்று கேட்டால் எல்லாரும் சேமித்துவிட்டதாகச் சொன்னார்கள். எங்கே என்று கேட்டால், “கம்ப்யூட்டர்லதான் டீச்சர்” என்றார்கள். மணி அடித்தபோது எனக்கு வந்திருந்த அஞ்சல்கள் ஒன்பது. அவற்றில் நான்கில் கோப்பே இல்லை.

இதே வகுப்பில் ஒரு பையன், பள்ளி விளையாட்டுப் போட்டிக் காட்சிகளை வெட்டி ஒட்டி, பாட்டின் தாளத்துக்கு ஓட்டக்காரனின் கால் தரையில் படுமாறு காணொளி செய்து தந்தான். எனக்கு ஒரு வாரம் கொடுத்தாலும் அது வராது. ஆகவே இவர்களை மந்தமானவர்கள் என்று யாரும் படித்துக்கொள்ள வேண்டாம். கைத்தொலைபேசியில் கோப்பு என்ற பொருள் கண்ணிலேயே படுவதில்லை. எடுத்த படம் படத்தொகுப்பில் இருக்கிறது; வந்த செய்தி புலனத்தில் இருக்கிறது; எதற்கும் ஓர் உறை, அந்த உறைக்கு ஒரு பெயர், அது இருக்கிற பேழை என்ற அடுக்கை அவர்கள் ஒரு நாளும் தொட்டதில்லை. எழுத்தர் அறையின் இரும்புப் பேழையைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்த அடுக்கு யாரும் சொல்லித் தராமலே புரிந்துவிட்டது.

நம் வகுப்பு மட்டும் இப்படி இல்லை. கணினியறிவையும் தகவலறிவையும் சோதிக்கும் பன்னாட்டு ஆய்வு ஒன்று, 2018இல் எட்டாம் ஆண்டு மாணவர்களிடம் நடந்தது. மலேசியா அதில் சேரவில்லை. இணையத்தில் கண்டதைத் தாமே ஆராய்ந்து மதிப்பிடும் உச்ச நிலையை எட்டியவர்கள் 2 விழுக்காட்டினர் மட்டுமே. சோதிக்கப்பட்ட அத்தனை பேரும் உங்கள் கணக்குப்படி பூர்வகுடிகள்.

9 ஜூலை 2024, செவ்வாய், இரவு மணி 9.15

அந்த 17 கணினிகளின் வயதென்ன என்று ஒரு வாசகர் கேட்கிறார். மாணவர்களுக்கு அண்ணன்கள்.

13 ஜூலை 2024, சனி, காலை மணி 11.30

ஆளுநர் பிறந்தநாள் விடுமுறை. பசியாறிவிட்டு உட்கார்ந்து, நான்கு நாளாக மனத்தில் ஓடுவதை எழுதுகிறேன்.

2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளி மூடியது, பாடம் தொலைபேசிக்குள் போனது. பெற்றோர் பலர் அப்போதுதான் முதல்முறையாக ஆசிரியரின் வகுப்பை வீட்டிலிருந்தே கேட்டார்கள். ஆசிரியர்களுக்குத் தொழில்நுட்பம் தெரியாது என்ற பேச்சும் அப்போதுதான் ஓங்கியது. நான் பார்த்தது வேறு.

என் வகுப்பில் ஒரு பையன். அவன் தாயார் இரவு வேலைக்குத் தொழிற்சாலைப் பேருந்தில் பாலத்தைக் கடந்து பினாங்குத் தீவில் உள்ள பாயான் லெப்பாஸ் போவார். 1972இல் இன்டெல் தன் முதல் கடல்கடந்த ஆலையை நெல்வயலாக இருந்த அந்த வட்டாரத்தில்தான் தொடங்கியது. இன்று உலகத்துக் கணினிகளின் உள்ளே இருக்கும் சில்லுகளில் எத்தனையோ அங்கே சோதிக்கப்பட்டு வெளியே போகின்றன. அந்த வேலையைத்தான் அவர் விடிய விடியச் செய்தார். வீட்டில் ஒரே ஒரு தொலைபேசி. அது அவரோடு ஆலைக்குப் போய்விடும். காலையில் அவர் திரும்பி வந்து உறங்கும்போது தொலைபேசி மின்னேற்றத்தில் கிடக்கும். அதற்குள் என் இயங்கலை வகுப்பு முடிந்திருக்கும். அவனுடைய வீட்டுப்பாடம் இரவு வேலை இல்லாத நாள்களில் பதினொரு மணிக்கு வரும்: பக்கவாட்டில் சாய்ந்த ஏடு, மங்கிய குழல்விளக்கு, தாளின் ஓரத்தில் அவன் தங்கையின் கட்டைவிரல். அந்தப் படத்தின்மேல் என் விரலாலேயே சிவப்புக் கோடிட்டுத் திருத்தி அனுப்புவேன். கேள்வி கேட்ட தந்தையே, இவனை எந்தக் குடியில் சேர்ப்பீர்கள்?

அதே காலத்தில், ஓய்வுபெற இரண்டாண்டே இருந்த எங்கள் கணித ஆசிரியை. பள்ளியில் எல்.சி.டி. இருக்கும் திசைக்கே போகமாட்டார். வெண்பலகையும் எழுதுகோலும் போதும் என்பார். அவர் சமையலறை நாற்காலியைக் கவிழ்த்து, அதன் காலில் இரப்பர் வளையத்தால் தொலைபேசியைக் கட்டி, கீழே தாளை வைத்து, நெடும் வகுத்தலைப் படிப்படியாகப் பதிவு செய்து அனுப்பினார். படம் தெளிவாக இருந்தது. குரல் தெளிவாக இருந்தது. இடையே குக்கர் மூன்று முறை கூவியது. எப்படிக் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். பதினாறு தடவை கெடுத்துவிட்டு எடுத்தது என்றார். பிறகு சொன்னார்: “யாரும் பாக்கலையே, அதனால கெடுக்க முடிஞ்சது.”

2006இல் தவளைப் படத்தை வரவழைத்த பையனுக்கு இருந்தது 2020இல் அவருக்கும் கிடைத்தது. கெடுத்தாலும் கேட்க ஆளில்லை.

14 ஜூலை 2024, ஞாயிறு, காலை மணி 8.20

திருத்தம். முதல் குறிப்பில் 2003 என்றும் நேற்று 2006 என்றும் எழுதியிருக்கிறேன். எது சரி என்று கெடாவிலிருந்து ஓர் ஆசிரியர் கேட்கிறார். அவர் கேட்டது நியாயம். அந்தத் திட்டம் 2003இல் முதலாம் ஆண்டு மாணவர்களிடம் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மேலே ஏறியது. நான்காம் ஆண்டுக்கு அது 2006இல்தான் வந்திருக்க முடியும். நேற்று எழுதும்போது கை தானாகச் சரியாக எழுதிவிட்டது, மனம் கவனிக்கவில்லை.

இன்னொன்று. அப்போது பக்கத்து வகுப்பில் இருந்த தோழியிடம் நேற்றிரவு இதைப் பேசியபோது, நான் மறந்துவிட்ட ஒரு பகுதியை நினைவூட்டினார். அந்தப் பையன் சரியான விசைகளை முதலிலேயே அழுத்திவிடவில்லையாம். முதலில் குறுவட்டுப் பாடத்தை மூடிவிட்டானாம். பிறகு ஒலியை உச்சத்தில் வைத்துவிட்டானாம். நான் போட்ட சத்தம் அவர் வகுப்புவரை கேட்டதாம். மூன்றாவது முயற்சியில்தான் தவளை வந்திருக்கிறது. கைதட்டலை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, நான் கத்தியதை வசதியாக மறந்திருக்கிறேன்.

20 ஜூலை 2024, சனி, காலை மணி 10.00

நேற்று நண்பகல் தொடங்கி உலகமெங்கும் கணினிகள் நீலத் திரையோடு நின்றுபோன செய்தியை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான இற்றைப்படுத்தல் அதற்குக் காரணமாம். கையால் எழுதிய ஏறுசீட்டோடு மக்கள் விமானம் ஏறினார்கள். எங்கள் ஆசிரியர் அறையில் நீண்ட நாள்களுக்குப் பிறகு பெருமிதம் நிலவியது. தன்னுடைய வரவுப் பதிவேட்டை இன்னும் மையால் எழுதிவரும் ஒரு மூத்த ஆசிரியர் தேநீரை நிதானமாகக் குடித்துக்கொண்டே, விமான நிலையத்துக்குத் தன்னை அனுப்பச் சொன்னார்.

21 ஜூலை 2024, ஞாயிறு, இரவு மணி 8.45

தேநீர்க் கதையைப் படித்துவிட்டு, நான் ஆசிரியர்களின் தயக்கத்தைக் கொண்டாடுவதாக ஒருவர் கடிந்திருக்கிறார். கொண்டாடவில்லை, அதன் கணக்கைச் சொல்கிறேன்.

மாணவன் தவறான விசையை அழுத்தினால் அவனுக்கு ஆகிற செலவு ஒன்றுமில்லை. விளையாட்டில் ஓர் உயிர் போகும், அடுத்த உயிர் வரும். ஆசிரியர் அழுத்தினால் பாடவேளையில் பத்து நிமிடம் போகும், முப்பது பேரின் ஒழுங்கு கலையும், மாலைக்குள் “டீச்சருக்கு ஒன்றும் தெரியாது” என்று முப்பது வீடுகளுக்குச் செய்தி போகும். உங்கள் வீட்டுக்கும் அப்படித்தானே வந்தது?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மேற்பார்வை நாளில் மேலதிகாரி ஒருவர் என் வகுப்பின் பின்வரிசையில், ஏழு வயதுப் பிள்ளையின் நாற்காலியில், முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்திருந்தார். தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தினால் புள்ளி கூடும் என்று இயங்கலைப் புதிர்ப் போட்டி ஒன்றைத் தயாரித்திருந்தேன். இணையத் தொடர்பு அறுந்தது. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி, பேசிக்கொள்ள நேரம் கிடைத்தது. அதிகாரி குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். பன்னிரண்டு நிமிடம் கழித்து வெண்பலகைக்கே திரும்பினேன். அன்று முதல் எந்த இயங்கலைப் பாடத்துக்கும் ஒரு தாள் நகலைப் பையில் வைத்துக்கொள்கிறேன். இதை அச்சம் என்பீர்களோ முன்னேற்பாடு என்பீர்களோ, உங்கள் விருப்பம்.

என் குட்டு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நாள் பாடத்திட்டத்தை வாரந்தோறும் எழுதி ஒப்படைக்க வேண்டும். டெலிகிராம் குழுக்களில் ஆசிரியர்கள் தம் திட்டங்களைப் பகிர்ந்துகொள்வார்கள். பதிவிறக்கி, தேதியை மாற்றி, ஒப்படைப்போம். ஒரு வாரம் நானும் அப்படியே செய்தேன். தலைமையாசிரியர் அழைத்து, ஜொகூரில் எப்போது சேர்ந்தீர்கள் என்று கேட்டார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தென்கோடியில் உள்ள ஒரு பள்ளியின் பெயர் சிறிய எழுத்தில் அப்படியே இருந்தது.

28 ஜூலை 2024, ஞாயிறு, மாலை மணி 4.30

தமிழ்த் தட்டச்சைப் பற்றி யாரும் பேசாதது எனக்கு வியப்பு. ஆசிரியர், மாணவர் ஒப்பீடு தலைகீழாகும் இடம் அதுதான்.

இந்த நாடு தமிழ்க் கணினிக்குப் புதியதன்று. முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு என்ற தமிழ் மென்பொருள் 1985இலேயே பிறந்துவிட்டது. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. என் தலைமுறை ஆசிரியர்களில் பலர் முரசு அஞ்சலில் கேள்வித்தாள் அடித்தே தட்டச்சு பழகினோம். நான் தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பில் பழகியவள். அதில் உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும்: அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டில் அம்மா வந்துவிடுவாள். ங-வை அடுத்துக் க-வைத் தட்டினாலும் புள்ளி தானே விழும். எழுத்துகளின் உறவு தெரிந்த ஒருவர் அமைத்த பலகை என்பது விரலுக்குத் தெரியும். என் வகுப்பில் 31 பேரில் இதை அறிந்தவர் எவருமில்லை. ரோமன் எழுத்தில் அடித்துத் தமிழாக்குவோர் ஆறேழு பேர். மற்றவர்கள் தொலைபேசியிடம் பேசுகிறார்கள்; அது எழுதித் தருகிறது.

பேசி எழுதிய கட்டுரையைக் கண்டுபிடிப்பது எளிது. ணகரமும் னகரமும் பிழையின்றி இருக்கும். ஆனால் “கடைக்கு போனேன்”, “பையை கொடுத்தார்” என்று வலி மிகும் இடங்களில் ஒன்றிலும் மிகாது. கையால் எழுதும் பிள்ளை இரண்டிலும் கலந்து தவறு செய்யும். சீரான தவறு இயந்திரத்துக்கே உரியது.

சென்ற வாரம் இதையும் தாண்டிய ஒன்று வந்தது. “நான் ஒரு குடை” என்ற தன்கதைக் கட்டுரை. ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை, உவமைகள் இரண்டு, இறுதியில் ஒரு குறள். படித்துக்கொண்டே போனால், அந்தக் குடையைத் தியாகராய நகரில் ஒரு பெரியவர் 250 ரூபாய் கொடுத்து வாங்குகிறார். பையனை அழைத்தேன். நீ எழுதியதா என்று கேட்டேன். ஆமாம் என்றான். இந்தக் குடை எந்த ஊரில் விற்கப்பட்டது என்று கேட்டேன். பிறையில் என்றான். ரூபாய் கொடுத்தா என்று கேட்டதும்தான் தாளை வாங்கிப் பார்த்தான். நீண்ட நேரம் பார்த்தான். தான் ஒப்படைத்த கட்டுரையை அப்போதுதான் முதன்முறையாகப் படிக்கிறான் என்று தெரிந்தது.

செயற்கை நுண்ணறிவுச் செயலியை என்னைவிட வேகமாகத் திறந்தவன் அவன். அது தந்ததில் எது ஒட்டவில்லை என்பதை ஒரு நொடியில் கண்டவள் நான். இவ்விரண்டையும் “தொழில்நுட்பம் தெரிவது” என்ற ஒரே பையில் போட்டுத்தான் நாம் இத்தனை நாளும் எடை பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

28 ஜூலை 2024, ஞாயிறு, இரவு மணி 11.10

படுக்கப் போனவள் திரும்பி வந்தேன். மேலே எழுதியது எனக்கே கொஞ்சம் சாதகமாக இருக்கிறது. அவன் செய்ததும் நான் ஜொகூர்ப் பள்ளியின் திட்டத்தை ஒப்படைத்ததும் ஒன்றுதான். நானும் அடிக்குறிப்பைப் படிக்கவில்லை. அவனுக்கு வயது பன்னிரண்டு.

3 ஆகஸ்டு 2024, சனி, பிற்பகல் மணி 2.15

கேள்வி கேட்ட தந்தை திரும்பி வந்து, ஆசிரியர்களுக்கு அச்சம் இருப்பதை ஒப்புக்கொண்டாலும், அச்சத்தைச் சாக்காக வைத்துக்கொள்பவர்களை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். இதில் நான் அவர் பக்கம்.

அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். மதிப்பெண்களை அமைச்சின் தளத்தில் பதிய வேண்டிய வாரத்தில், தம் கடவுச்சொல்லை ஐந்தாம் ஆண்டு மாணவியிடம் கொடுத்துப் பதியச் சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். “எனக்கு இதெல்லாம் வராதும்மா” என்று செல்லமாகச் சொல்லிவிட்டால் வேலை இடம் மாறிவிடுகிறது. அந்த மாணவி வகுப்பிலுள்ள எல்லாருடைய புள்ளியையும் பார்த்துவிட்டாள். இதைத் தயக்கம் என்ற பெயரில் நான் மூடிமறைக்க மாட்டேன். கற்றுக்கொள்ள இருபது நிமிடம் ஆகும் ஒன்றை இருபது ஆண்டாகக் கற்றுக்கொள்ளாமல் இருப்பதற்கு வேறு பெயர் உண்டு.

இளைய ஆசிரியர்களுக்கு இது இல்லை என்றும் நினைக்க வேண்டாம். அழகான சுவரொட்டியை ஐந்து நிமிடத்தில் செய்யும் இருபத்தாறு வயது ஆசிரியர், அட்டவணையில் சராசரி காண்பதற்குக் கணிப்பானைத் தேடுகிறார். எங்கள் பள்ளியில் தகவல் தொழில்நுட்பப் பொறுப்பை ஏற்றிருப்பவரும் இளைஞர்தான். அச்சுப்பொறி நின்றால் அவர். ஒலிபெருக்கி கரகரத்தால் அவர். சென்ற மாதம் சிற்றுண்டிச் சாலைச் சுவர்க் கடிகாரம் நின்றபோதும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். போய் மின்கலத்தை மாற்றிவிட்டு வந்தார். அவர் ஒருவர் இருப்பதால் மற்ற முப்பது பேர் கற்றுக்கொள்வதில்லை என்பதும் உண்மை.

ஆனால், தேர்வு வைத்து விலக்குவது என்ற உங்கள் தீர்வை இன்னமும் மறுக்கிறேன். கெடுத்துப் பழக இடம் இல்லாததால் பின்வாங்குகிறவர்களுக்கு, கெடுத்தால் வேலை போகும் என்ற இன்னொரு மேடையையா கட்டிக் கொடுப்பது? மாணவர் இல்லாத ஒரு கூடமும், வாரம் ஒரு மணி நேரமும், பின்வரிசையில் குறிப்பேட்டோடு யாரும் உட்காராமையும் கொடுத்துப் பாருங்கள். நாற்காலிக் காலில் தொலைபேசியைக் கட்டிய அந்த அம்மையார் எந்தப் பயிற்சிப் பட்டறைக்கும் போனவரில்லை.

உங்கள் மகனின் ஆசிரியைக்கு ஓர் உதவி மட்டும் செய்யலாம். அந்த இரண்டு மாணவர்களும் எந்த விசையை அழுத்தினார்கள் என்று மகனிடம் கேளுங்கள். அவனுக்குத் தெரிந்திருந்தால் எனக்கும் எழுதுங்கள். எங்கள் புதிய படவீழ்த்தியும் அதே வகை என்று நினைக்கிறேன்.

8 ஆகஸ்டு 2024, வியாழன், மாலை மணி 6.05

குடைக்காரனின் செய்தியைச் சிலர் கேட்டிருந்தீர்கள்.

அவனைத் தண்டிக்கவில்லை. கட்டுரையைக் கணினிக் கூடத்தில், என் பக்கத்தில் உட்கார்ந்து, தமிழ்99 பலகையில் மறுபடி எழுதச் சொன்னேன். விசைகளின் படத்தை அச்சிட்டுத் திரைக்குக் கீழே ஒட்டினேன். இரண்டு பாடவேளைகளில் ஒரு பத்தி வந்தது. புள்ளி தானாக விழுவதைப் பார்த்தபோது அவன் க-வை இருபது தடவை தட்டிப் பார்த்தான், நான் கத்தவில்லை. புதிய குடை பிறை இரவுச் சந்தையில் 12 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கப்படுகிறது. அதை அவன் பாட்டி பேருந்தில் மறந்துவிடுகிறார். இயந்திரம் எழுதியதில் இருந்த குறள் இதில் இல்லை. பாட்டி மறுநாள் பேருந்து நிலையத்துக்குப் போய் ஒவ்வோர் ஓட்டுநரிடமும் விசாரிப்பது இருக்கிறது.

இன்று இரண்டாம் பத்தியைத் தொடங்க வேண்டும். உட்கார்ந்தான், கோப்பைக் காணவில்லை. சேமித்தாயா என்றேன். சேமித்தேன் டீச்சர் என்றான். எந்தக் கணினியில் என்றேன். பதினேழையும் திரும்பிப் பார்த்தான். பெயர் என்ன வைத்தாய் என்று கேட்டதற்கு, பெயர் வைக்கச் சொல்லி அது கேட்டதாகவும், தான் கைக்கு வந்த நான்கைந்து விசைகளை அமுக்கியதாகவும் சொன்னான். ஆறு கணினிகளில் தேடி முடித்தபோது மணி அடித்தது. மிச்சம் பதினொன்று இருக்கிறது. நாளைக்கும் கூடத்தை எங்களுக்கே ஒதுக்கும்படி அந்த இளைய ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன்.